பாகு பதம் பார்க்கும் கணினி

கொதிகலனுக்குள் அழுத்தம் எவ்வளவு, குழாயில் எண்ணெய் எவ்வளவு ஓடுகிறது, மூடிய தொட்டியில் அமிலம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இரும்புச் சுவருக்கு அப்பால் நடப்பதை எண்ணாக மாற்றிக் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புவது சென்சார், அதாவது உணரி. வெப்பநிலை, அழுத்தம், பாய்வு, மட்டம் ஆகிய நான்கும் ஆலைகளில் மிகுதியாக அளக்கப்படுபவை.

இவற்றில் எதையும் உணரி நேரடியாகப் பார்ப்பதில்லை. தெர்மோகப்பிள் என்பது முனையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள். அந்த முனை உலைக்குள்ளும் மறுமுனை வெளியிலும் இருக்கையில், இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டால் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. 1821-இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவு இது. ஆலைகளில் பரவலாக உள்ள ‘கே’ வகையில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான். கருவி அளப்பது மின்னழுத்தம். திரையில் தெரிகிற டிகிரி, கணக்குப் போட்டு வந்த விடை. பாய்வை அளக்கக் குழாயின் குறுக்கே துளையிட்ட தகடு ஒன்றைச் செருகுவார்கள். தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திலிருந்து பாய்வு கணக்கிடப்படும். பாய்வு பாதியானால் அந்த வேறுபாடு கால்பங்காகச் சுருங்கிவிடும் என்பதால், மெல்ல ஓடும் திரவத்தில் இந்தக் கருவியின் பேச்சை அவ்வளவாக நம்ப முடியாது.

உணரியின் குறிப்பு கண்ட்ரோல் ரூமுக்குப் போவது பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக. அளவு சுழியானாலும் 4 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டமே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். தொட்டி காலியா, கம்பி போய்விட்டதா என்ற குழப்பத்தை இந்த எளிய ஏற்பாடு தீர்த்துவிடுகிறது.

ஆனால் கம்பி சரியாக இருந்து, கணக்கின் அடிப்படை தவறாக இருந்தால் இது உதவாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி ரிஃபைனரியில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் திரவம் அளவு கடந்து நிரம்பிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவியோ 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. திரவத்தின் அடர்த்தியை வைத்து மட்டத்தைச் சொல்லும் கருவி அது. உள்ளே இருந்த திரவத்தின் உண்மையான அடர்த்திக்கு அது சரிசெய்யப்படவில்லை. போதாக்குறைக்கு, அளந்ததும் கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே. வெளியே கொட்டிய திரவம் ஆவியாகித் தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தனர்.

வெப்பநிலையும் அழுத்தமும் இப்படி ஒரு படி தாண்டிக் கிடைக்கின்றன. ஒரு கலவையில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பதை அறிய இன்னும் பல படிகள் தாண்ட வேண்டும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை வர மணிக்கணக்கில் ஆகலாம். கேஸ் குரோமட்டோகிராஃப் போன்ற கருவியைக் குழாயோடு இணைக்கலாம். அதற்கு விலை அதிகம், பராமரிப்பும் அதிகம், விடையும் உடனே வராது.

இந்தச் சிக்கலுக்கு வெல்லம் காய்ச்சுபவர்களிடம் பழைய தீர்வு ஒன்று உண்டு. பாகைச் சிறிது குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். சர்க்கரையின் செறிவை யாரும் அளப்பதில்லை. செறிவோடு சேர்ந்து மாறும் வேறொன்றைப் பார்க்கிறார்கள். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறும் என்பதால் வெப்பமானியாலும் இதே பதத்தைக் கண்டுபிடிக்க முடியும். கைக்குப் பதிலாகக் கணினி இந்த வேலையைச் செய்தால் அதுவே மென்பொருள் உணரி. அதற்கென்று தனிக் கருவி கிடையாது. ஏற்கெனவே உள்ள உணரிகளின் எண்களைச் சேர்த்து, அளக்க முடியாததைக் கணித்துச் சொல்லும் சூத்திரம்தான் அது.

இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் உதாரணம் இத்தாலியின் சிராக்யூஸில் உள்ள ஒரு ரிஃபைனரியின் டிபியூட்டனைசர். சமையல் எரிவாயுவுக்குரிய புரோப்பேனையும் பியூட்டேனையும் மேலே அனுப்பிவிட்டு, கனமானவற்றைக் கீழே தேக்கும் கோபுரம் அது. அடியில் தங்கிவிடும் பியூட்டேனைக் குறைக்க வேண்டும். ஆனால் அதை அளக்கும் கருவி அடுத்த கோபுரத்துக்கு அப்பால் இருந்தது. விடை வருவதற்குள் கலவை மாறிவிடும். கோபுரத்தின் வெப்பநிலைகள், அழுத்தம், பாய்வுகள் ஆகியவற்றை வைத்துப் பியூட்டேனின் அளவை உடனுக்குடன் மதிப்பிடும் மென்பொருள் உணரி அங்கே உருவாக்கப்பட்டது.

கோபுரத்தின் வெப்பநிலையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே பருப்பு வேக நேரமாகிறது. அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால், சூத்திரத்தில் அழுத்தத்துக்கும் இடம் கொடுத்தே ஆகவேண்டும்.

சூத்திரத்தை இரண்டு வழிகளில் அமைக்கலாம். நிறையும் ஆற்றலும் மாறாமை போன்ற இயற்பியல் விதிகளிலிருந்து எழுதுவது ஒரு வழி. பல மாதங்களின் அளவீடுகளையும் ஆய்வக முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளியியலாலோ நியூரல் நெட்வொர்க்காலோ உறவைக் கண்டுபிடிப்பது மற்றொரு வழி. நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறை, சூத்திரம் சொல்வதையும் கருவி சொல்வதையும் எதை எவ்வளவு நம்பலாம் என்று நிறுத்துச் சேர்க்கிறது.

காரிலும் இந்த உத்தி உண்டு. சில கார்களின் டயருக்குள் அழுத்த உணரியே கிடையாது. காற்று குறைந்த டயரின் ஆரம் சற்றுச் சுருங்குவதால் சக்கரம் வேகமாகச் சுற்றும். பிரேக்குக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் வேக உணரி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு டயர்களிலும் ஒரே அளவு காற்று இறங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை ஏமாந்துபோகலாம்.

மென்பொருள் உணரியின் பொதுவான பலவீனமும் இதுதான். பழகிய நிலைமைக்குள் அது கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். வேறு வகைக் கச்சா எண்ணெய் வந்தாலோ, வினையூக்கி வலுவிழந்தாலோ, வெப்பமாற்றிக் குழாயில் படிவு ஏறினாலோ, பழைய உறவை வைத்துக்கொண்டு பிசகாத குரலில் தவறான எண்ணைச் சொல்லும். சூத்திரத்துக்கு எண் கொடுக்கும் தெர்மோகப்பிள் ஒன்று பழுதானால் அந்தப் பழுதும் விடைக்குள் புகுந்துவிடும்.

ஆகவே ஆய்வகத்தை விட்டுவிட முடியாது. ஒவ்வொரு ஆய்வக முடிவு வந்ததும் கணிப்பு எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகலில் ஒரு பங்கைச் சூத்திரத்தில் சேர்ப்பது வழக்கம். முழுவதையும் சேர்க்காததற்குக் காரணம், ஆய்வக முடிவிலும் பிழை இருக்கலாம் என்பதே. பியூட்டேன் எளிதில் ஆவியாகும். மாதிரிக் குப்பி சரியாக மூடப்படாவிட்டால் மேசைக்கு வருவதற்குள் ஒரு பகுதி பறந்துபோகும். காலை பத்து மணிக்கு எடுத்த மாதிரியைப் பத்தரை என்று எழுதிவிட்டாலும் போதும், கணினி அதைப் பத்தரை மணி வெப்பநிலையோடு ஒப்பிட்டு, சரியாக இருந்த சூத்திரத்தைத் திருத்திவிடும்.