உங்களுக்குத் தெரியுமா? மைனருக்கு ஒரு பழைய கிராங்

◆ கம்பளை, புசல்லாவ, இறம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் மொறிஸ் மைனர் வைத்திருப்பவருக்கு வேகம் முக்கியமில்லை, இழுவைதான் முக்கியம். 948 சீசீ எஞ்சினில் பிஸ்டன் 76.2 மி.மீ. ஏறி இறங்கும். 1962இல் வந்த 1098 சீசீயில் 83.72 மி.மீ. அந்தத் தூரத்தை (ஸ்ட்ரோக்) தீர்மானிப்பது கிராங். துளையும் சற்றுப் பெரிதானதால், அதே 2,500 சுற்றில் இழுவை 50 அடி-இறாத்தலில் இருந்து 60 ஆனது.

◆ ‘1098 கிராங்கை 948இல் மாட்டினால் போதுமே!’ போதாது. பழைய பிஸ்டனை அப்படியே விட்டால் அது 3.76 மி.மீ. கூடுதலாக மேலேறி ஹெட்டில் முட்டும்.

◆ சீசீயை மட்டும் சொல்லிப் பஞ்சிகாவத்தையில் சாமான் கேட்காதீர்கள். மைனரின் 1098 கிராங்குக்கு மெயின் பேரிங் இருக்கை 1.75 அங்குலம்; பின்னாளைய எம்ஜி மிட்ஜெட்டின் 1098க்கு 2 அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

◆ 1964இல் பாடி ஹொப்கேர்க் மொண்டே கார்லோ ராலியை வென்ற மினி கூப்பர் எஸ்ஸும் மைனரின் எஞ்சின் குடும்பம்தான்; அது 1071 சீசீ. அதன் ஸ்ட்ரோக் 68.26 மி.மீ., சாதாரண 850 மினிக்கு இருந்த அதே அளவு! வித்தியாசம் உருக்கில்: கூப்பர் எஸ் கிராங் நைட்ரைட் செய்து மேற்பரப்பைக் கடினமாக்கியது. அந்தக் கடினப் படை மெல்லியது. கிரைண்ட் செய்தால் திரும்ப நைட்ரைட் செய்ய வேண்டிவரலாம்.

◆ வாங்குமுன் கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. ‘தொப்’ என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒலித்துவிட்டது என்று காசைக் கொடுத்துவிடவும் வேண்டாம், வெடிப்பைக் காந்தச் சோதனைதான் சரியாகக் காட்டும். வெடிப்பு பெரும்பாலும் தொடங்குவது இருக்கை சுவரோடு சேரும் வளைந்த மூலையில். கிரைண்ட் செய்பவர் அந்த வளைவைக் கூராக்கிவிட்டிருந்தால், எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு அது பழைய இரும்புதான். இருக்கையில் நகத்தை ஓட்டுங்கள். கீறல் தட்டினால் கிரைண்ட் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

◆ கழற்றிய பேரிங்கின் முதுகைப் பாருங்கள். 010, 020, 030 என்று எண் இருந்தால் கிராங் ஏற்கெனவே அத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் இளைத்துவிட்டது. 040 என்றால் அடுத்த முறைக்குப் பேரிங் கிடைப்பது சந்தேகம்.

◆ இங்கிலாந்தின் பாத் நகர மொறிஸ் மைனர் மையத்துக்கு இலங்கையில் செய்த உதிரிப்பாகங்கள் கப்பலேறிப் போனதுண்டு.