இணையத்தில் கடைக்குப் பெயர் வைப்பது எப்படி?



கடை திறப்பதற்கு முன் நாம் இடம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பெயர்ப் பலகைக்கு நல்ல ஆளைத் தேடிப் பிடிக்கிறோம். ஆனால் அதே கடைக்கு இணையதளம் அமைக்கும்போது, "ஏதாவது ஒரு பெயரைப் போடு தம்பி" என்று சொல்லி விட்டு விடுகிறோம். பலகை எழுத்து மங்கினால் மறுபடி எழுதிக் கொள்ளலாம். இணைய முகவரியை மாற்றுவது, வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த ஒன்றை அழித்து எழுதுவதற்குச் சமம். ஆகவே டொமைன் பெயர் எனப்படும் இந்த இணைய முகவரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மலையில் கடை நடத்துபவர்களுக்கு இது கூடுதல் அவசியம். நம்மிடம் வாங்குகிறவர்களில் பெரும் பகுதியினர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும் வெளியூர்க்காரர்கள். மலைப்பூண்டு, பேரிக்காய், பிளம்ஸ், தைலம், சாக்லேட் என்று வாங்கிப் போகிறவர்கள் ஊருக்குப் போன பிறகு, "அந்தக் கடையிலேயே இன்னும் இரண்டு கிலோ வரவழைக்கலாமே" என்று நினைக்கிறார்கள். நினைத்தவுடன் கையில் இருக்கும் போனில் தேடுகிறார்கள். அப்போது நம் கடை கிடைத்தால் அது நம் வியாபாரம். கிடைக்காவிட்டால் அதே பொருளை விற்கும் வேறொருவர் வியாபாரம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 அன்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தபோது, மலை ஏறுவதற்கே முதலில் ஓர் இணைய முகவரியைத் தேட வேண்டிய நிலை வந்தது. வாடிக்கையாளர் இணையத்துக்குப் பழகிவிட்டார். நாம்தான் பழக வேண்டும்.

சரக்கின் பெயரே கடைப் பெயரா?

"தேடுபவர் கண்ணில் பட வேண்டுமானால் சரக்கின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து முகவரியாக வைத்துவிடுங்கள்" என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. கொடைக்கானல் பூண்டு, கொடைக்கானல் சாக்லேட் என்பது போன்ற பெயர்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஒரு காலத்தில் இதனால் பலனும் இருந்தது. தேடுபவர் எழுதும் சொற்களும் முகவரியில் உள்ள சொற்களும் ஒன்றாக இருந்தால் அந்தத் தளம் முன்னால் வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு, உள்ளே சரக்கே இல்லாத வெற்றுத் தளங்களைப் பலர் இப்படிப்பட்ட பெயர்களில் தொடங்கினார்கள். 2012 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தன் தேடல் முறையை மாற்றி, அத்தகைய தரம் குறைந்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. இன்றைக்கு முகவரியில் சரக்கின் பெயர் இருப்பதால் மட்டும் முன்னிடம் கிடைப்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. சரக்கின் பெயர் எல்லோருக்கும் பொது. நீங்கள் ஒரு பொதுப் பெயரை வைத்தால், அடுத்தவர் அதில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ இன்னொன்றை வைப்பார். அவரைத் தடுப்பது மிகவும் கடினம். பொருளின் வகையையோ, தரத்தையோ, விளையும் இடத்தையோ மட்டும் குறிக்கும் சொல்லை ஒருவருக்கே உரிய வணிகச் சின்னமாகப் பதிவு செய்து கொடுக்க 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை.

மலைப்பூண்டு விஷயத்தில் மேலும் கவனம் தேவை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி மலை வாழைப்பழத்துக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. இந்தப் பெயர்கள் அந்தந்த மண்ணுக்கும் விளைவிப்போருக்கும் உரியவை. சமவெளியிலிருந்து வந்த பூண்டை மலைப்பூண்டு என்ற பெயரில் விற்பது சட்டப்படியும் குற்றம், நம் மலையின் நல்ல பெயருக்கும் கேடு. அந்தப் பெயரை முகவரியிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர், சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் விதிகளை விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

ஒரே ஓர் எழுத்தால் வந்த வழக்கு

அப்படியானால் எந்தப் பெயர்தான் நிற்கும்? இதற்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம், தன் பெயரில் உள்ள எழுத்துகளைக் கோத்து "சிஃபி" என்ற புதுச் சொல்லை உருவாக்கி, 1999-ஆம் ஆண்டு முதல் அதைக் கொண்டு பல டொமைன் பெயர்களைப் பதிவு செய்தது. 2001-இல் வேறொரு நிறுவனம், எஃப் என்ற எழுத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, ஏறத்தாழ அதே ஒலியுள்ள பெயரைப் பதிவு செய்துகொண்டது. வழக்கு பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே 6 அன்று தீர்ப்பு வந்தது.

டொமைன் பெயர் என்பது வெறும் விலாசம் அல்ல, அது ஒரு வணிகத்தை மற்ற வணிகங்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் என்று நீதிமன்றம் சொன்னது. இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் அதே சட்ட நெறி இங்கேயும் பொருந்தும் என்று கூறி, முதலில் பெயர் வைத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பெயர் புனைந்த சொல்லாக இருந்ததும் அவருக்குப் பலமாயிற்று.

நமக்கு இதில் உள்ள பாடம் தெளிவானது. உங்களுக்கே உரிய பெயர்தான் உங்களைக் காக்கும். அதற்காக அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. முருகன் ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஊருக்கு இரண்டு கடை இருக்கும். ஆனால் வாடிக்கையாளர்கள் உங்கள் கடையை மூலைக்கடை என்றோ, தாத்தா கடை என்றோ சொல்லிக் கொண்டிருக்கலாம். அப்படி வாய்வழக்கில் வழங்கும் பெயரோடு குடும்பப் பெயரையோ ஊர்ப் பெயரையோ இணைத்தால், தனித்தன்மையும் இருக்கும், நினைவிலும் நிற்கும்.

தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்தும்

நம்மவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல்தான். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி மேலேறினால் கொடைக்கானலுக்கு முன்னால் வரும் செண்பகனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895-இல் இங்கே தொடங்கப்பட்ட இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரியின் பெயரோடு வரும்போது ஊரின் பெயரில் எம் என்ற எழுத்து இருக்கும். வேறு இடங்களில் என் என்று எழுதுவார்கள். முதல் எழுத்துக்குச் சிலர் எஸ்-எச் போடுவார்கள், சிலர் எஸ் மட்டும் போடுவார்கள். கொடைக்கானலுக்கு ஒரு கே போதுமா, இரண்டு வேண்டுமா? பழனிக்கு எல் போடுவதா, இசட்-எச் போடுவதா? பூண்டுக்கு இரண்டு ஓ-வா, ஒரு யு-வா? கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரிடம் நான்கு விடை வரும்.

அரசுக்கே இது எளிதாக இல்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. கோயம்புத்தூர் முதலான பெயர்கள் எழுதப்பட்ட விதம் பற்றிப் பெரும் விவாதம் எழுந்ததால், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அரசாணைக்கே அந்தக் கதி என்றால், நம் கடைப் பெயரை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் சரியாக எழுதுவார் என்று நம்பி உட்கார முடியுமா?

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. நினைத்திருக்கும் பெயரை ஐந்து பேருக்குப் போனில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பேராவது ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயர் தேறிவிட்டது. ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால் பெயரைச் சுருக்குங்கள், அல்லது ழ, ண, நெடில் போன்ற தடுமாற்றம் இல்லாத வேறு பெயரைப் பாருங்கள். இடையில் சிறு கோடு, எண்கள் இவற்றைத் தவிருங்கள். எழுதியிருப்பதைப் பார்க்கையில் அழகாக இருக்கும், வாயால் சொல்லும்போது குழப்பும். முகவரியின் ஒரு பகுதி 63 எழுத்து வரை இருக்கலாம் என்பது விதி. பன்னிரண்டு, பதினைந்துக்குள் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மக்கள் வழக்கமாகத் தவறாக எழுதும் வடிவம் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றையும் பதிவு செய்து, எதை எழுதினாலும் நம் தளத்துக்கே வந்து சேரும்படி செய்யலாம். கடை இடம் மாறினால் பழைய கதவில் சீட்டு ஒட்டி வைப்போமே, அதைப் போன்றதுதான் இது.

டாட் காமா, டாட் இன்னா, டாட் இந்தியாவா?

டாட் காம் உலகப் பொது. டாட் இன் நம் நாட்டுக்கு உரியது. இந்த டாட் இன் 1989 முதல் இருந்தாலும், 2005-இல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. நம் நாட்டுக்குள் மட்டும் அனுப்பி விற்பவருக்கு டாட் இன் பொருத்தமானது. தேடு தளங்களும் அதை இந்தியாவுக்கான தளம் என்று புரிந்துகொள்கின்றன. முகவரியின் வாலைப் பார்த்து நம்பும் பழக்கமும் வளர்ந்து வருகிறது. மோசடியைத் தடுக்க, வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதை நினைத்துப் பாருங்கள். முடிந்தவர்கள் டாட் காம், டாட் இன் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முழுவதும் தமிழ் எழுத்திலேயே, டாட் இந்தியா என முடியும் முகவரியும் கிடைக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழில் இப்படி உண்டு. எழுத்துக்கூட்டல் தொல்லை இதில் பெரிதும் குறையும். ஆனால் இத்தகைய முகவரியில் அமையும் மின்னஞ்சலை எல்லா நிறுவனங்களின் கணினிகளும் இன்னும் சரியாக ஏற்பதில்லை. எனவே ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாகவும், தமிழ் முகவரியைத் துணையாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் யார் பெயரில்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. டொமைன் பெயரை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்குவதில்லை. ஒரு முறைக்கு அதிகபட்சம் பத்து ஆண்டு வரை கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்கிறோம். கெடு தவறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பிறகு அது வேறு யாருக்கும் போகலாம். தளம் அமைத்துத் தருபவர் தன் பெயரிலோ, தன் மின்னஞ்சலிலோ பதிவு செய்திருந்தால், அவர் தொழிலை விட்டாலும் ஊரை விட்டாலும் நம் பெயர் அவரோடு போய்விடும். கடை வாடகைப் பத்திரத்தைக் கட்டட மேஸ்திரி பெயரில் எழுதுவோமா? ஆகவே:

1. பதிவு கடை உரிமையாளர் பெயரில், உரிமையாளரின் மின்னஞ்சல், போன் எண்ணில் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும்.

2. முதல் ஆண்டுச் சலுகைக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், புதுப்பிப்புக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. புதுப்பிக்கும் தேதியை லைசென்ஸ், ஜி.எஸ்.டி. தேதிகளோடு சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் "உடனே பணம் கட்டுங்கள்" கடிதங்களை நம்பக் கூடாது.

4. பதிவுக்கு முன் வணிகச் சின்னப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடி, அதே பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேடுபவர் கண்ணில் பட

பெயர் சரியாக அமைந்த பிறகு, சரக்கின் பெயர்களைத் தளத்துக்குள் தாராளமாக எழுதுங்கள். எந்தப் பூண்டு, எந்த மாதம் கிடைக்கும், எத்தனை கிலோவுக்கு என்ன அனுப்புக் கூலி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குங்கள். தேடு தளங்கள் இன்று படிப்பது இதைத்தான். கூகுள் வரைபடத்தில் கட்டணமின்றிக் கடையைப் பதிவு செய்யலாம். பலகை, பில், பை, வரைபடம், இணைய முகவரி எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். பில்லின் அடியில் முகவரியைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள். மலை இறங்கிப் போகும் வாடிக்கையாளர் கையில் அந்தச் சீட்டு இருந்தால், அடுத்த முறை அவர் நம்மைத் தேட வேண்டிய வேலையே இருக்காது.

பாட்டன் காலத்திலிருந்து நாணயமாக நடத்திச் சேர்த்த பெயர் நம்முடையது. அதை இணையத்தில் வேறொருவர் எடுத்துக்கொள்வதற்கு முன், நாமே நம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்வோம்.