இரண்டு பச்சைகளைப் பிரிப்பது எப்படி?

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லாரோ சந்தை கூடும் பழைய பேட்டையின் பெயர் அல்பெர்கேரியா. அதன் விளிம்பில் நிற்கும் நார்மன் அரண்மனையின் கோபுரத்தில் 1790இல் ஒரு வானாய்வுக்கூடம் அமைந்தது. 1863 முதல் 1879 வரை அங்கே பணியாற்றிய பியெத்ரோ தாக்கினி, சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளை நிறமாலைமானி வழியே பார்த்து வரைந்தார். வெறும் தொலைநோக்கியில் சூரிய வெளிச்சம் அவற்றை மறைத்துவிடும். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்புக் கோட்டில் மட்டும் பார்த்தால் பிழம்பின் உருவம் துலங்கும். கொடைக்கானலில் 1909இல் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டறிந்ததும் நிறமாலையைக் கொண்டுதான்.

'எங்கே, எவ்வளவு ஒளி?' என்பதோடு 'எந்த அலைநீளத்தில்?' என்றும் கேட்பதே நிறமாலைப் படமெடுப்பு. உயிரணுக்களை ஆராயும் ஒளிர்வு நுண்ணோக்கியிலும் இதே கேள்வி எழுகிறது.

இரண்டு புரதங்களுக்கு இரண்டு ஒளிரும் சாயங்களை ஏற்றுகிறோம். ஒன்று பச்சைப் புரதம். ஏறத்தாழ 509 நானோமீட்டரில் உச்சம். மற்றது மஞ்சள் புரதம், உச்சம் 527. இரண்டின் ஒளியும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிவதால், வடிகட்டிக் கண்ணாடியால் அவற்றை முழுதாகப் பிரிக்க முடியாது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பச்சை மட்டும் இருந்தால் அதன் ஒளியில் 80 பங்கு முதல் தடத்திலும் 20 பங்கு இரண்டாம் தடத்திலும் விழுகிறது என்க. மஞ்சள் மட்டும் இருந்தால் 40, 60. ஒரு படப்புள்ளியில் 100, 50 என்று அளவு வருகிறது. பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தால் பச்சை 100, மஞ்சள் 50 என்று விடை கிடைக்கும். உண்மைக் கருவிகள் ஒளியைப் பல தடங்களாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இக்கணக்கைப் போடுகின்றன.

கணக்கைத் தவிர்த்தால் என்ன ஆகும்? பச்சை மட்டுமே உள்ள இடத்திலும் இரண்டாம் தடத்தில் 20 விழுகிறதே! அதை மஞ்சள் என்று எண்ணி, 'இரு புரதங்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன' என்று முடிவு கட்டிவிடலாம். இல்லாத உறவு ஒன்று ஆய்வுக் கட்டுரையில் ஏறிவிடும்.

ஆனால் கணக்கு மட்டும் காப்பாற்றாது. ஒவ்வொரு சாயத்தின் நிறமாலையையும் அதே கருவியில், அதே அமைப்பில் தனியே அளந்திருக்க வேண்டும். இலையின் பச்சையம்போல் தானாகவே ஒளிரும் பொருள் இருந்தால் அதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். ஒளி மிகுந்து உணரி நிரம்பிவிட்டாலும் விடை தவறும். வண்ணப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த அளவுகளைக் கேட்டுவிட்டு நம்புவதே நல்லது.