ஹைபிரிட் வண்டியும் அகவெப்பமும்

கரடியனாற்று வெயிலில் குளிரூட்டியையே நாடும் நாம், பதுளை வீதியால் மலையேறி நுவரெலியாவை அடைந்ததும் வண்டிக்குள் வெப்பத்தை விரும்புகின்றோம். சாதாரண மோட்டார் வண்டியில், இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரே அதன் கழிவு வெப்பத்தைச் சிறு குழாய்த் தொகுதியொன்றுக்குச் சுமந்துவரும். விசிறி அதனை உள்ளே வீசும். ஆதலின் அவ்வெப்பத்துக்குத் தனிச் செலவு இல்லை எனலாம்.

1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோற்றா பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகள் பெற்றோலாலும் மின்சாரத்தாலும் இயங்குவன. அவற்றில் இயந்திரம் இடையிடையே ஓய்வுகொள்ளும். அவ்வேளை மின்பம்பி சுடுநீரைச் சுற்றச் செய்யும். நீர் ஆறியதும், பற்றரியில் மின் நிறைந்திருப்பினும், இயந்திரம் தானே இயங்கத் தொடங்கும். இது பழுதன்று, வெப்பத்துக்காகவே பெற்றோல் எரிகின்றது. கதகதப்புப் போதுமானவுடன் வெப்பமூட்டியைத் தணித்தல் நன்று. 2022இல் பெற்றோலுக்காக நீண்ட வரிசைகளில் நின்ற நமக்கு இச்சிக்கனம் அற்பமன்று.