இனிப்பும் அதன் மாற்றும்

வெள்ளைச் சீனியை விடுத்துத் தேனுக்கும் கூலா மலாக்காவுக்கும் மாறினால் கேடில்லை எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். இஃது ஆராய்தற்குரியது.

தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சிப் பெறுவதே கூலா மலாக்கா. அதன் பெரும்பகுதி, சீனியிலுள்ள அதே சுக்ரோசுதான். தேனில் இருப்பவை குளுக்கோசும் பிரக்டோசும். நிறமும் மணமும் வேறாயினும் இவையும் குருதியில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை தேனையும் சீனியோடு சேர்த்தே எண்ணுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு இவையெல்லாம் சேர்ந்து 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். 25 கிராமுக்குள் அடங்கின் மேலும் நன்று. நீரிழிவு இல்லாதார் உடல் எடையைக் கட்டுப்படுத்த, சாக்கரின், ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளை நாடவேண்டா என்றும் அந்நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

அங்ஙனமாயின் நாவின் ஆசையைத் தணிப்பது எவ்வாறு? முழுப்பழம் முதல் வழி. கொய்யாவிலும் பப்பாளியிலும் இனிப்போடு நாரும் உண்டு. அது சர்க்கரை குருதியில் விரைந்து கலவாமல் தடுக்கும். வடிகட்டிய சாற்றில் அந்நார் பெரும்பாலும் இராது. தேநீரில் இடும் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருதல் இரண்டாம் வழி. நாக்கு பழக்கத்திற்கு அடங்குவது. சில வாரங்களில் குறைந்த இனிப்பே அதற்குப் போதுமானதாகிவிடும்.

பாயசம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியதாக இருக்கட்டும். பள்ளி இடைவேளையில் பிள்ளைகளின் கையில் கொய்யாத் துண்டு இருக்கட்டும்.