அடைத்த கதவும் மறைப்பாற்றலும்

தேவி கோயில் ஒன்றில் திருவுருவம் காணப்படாவிடின், அன்றிக் கருவறை மூடியே இருப்பின், அதனை வாமநெறியின் எச்சம் என்று குறித்துவிடுதல் எளிது. தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில் அமைந்த மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் இத்தகைய முடிவிற்கு இடந்தருவதுபோல் தோன்றும். சைவ சித்தாந்தம் மந்தணமான தேவி வழிபாட்டை எந்நோக்கில் கண்டது, அந்நோக்கு இக்கோயில் வழிபாட்டை அறிய எவ்வாறு துணைபுரியும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

சித்தாந்த நூலோர் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகையாகப் பகுப்பர். வாமம் இவற்றுள் அகப்புறத்தில் வைக்கப்பட்டது. உலகாயதம், பௌத்தம் முதலியனபோல அது முற்றிலும் அயலாகக் கருதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. பாசுபதம், மாவிரதம், காபாலம், வைரவம் ஆகியவற்றோடு அதனையும் உறவும் வேறுபாடும் உடையதாகவே கொண்டனர். சத்தியே முடிந்த முதற்பொருள், உலகம் சத்தியின் திரிபு, சத்தியில் ஒடுங்குதலே வீடுபேறு என்பன வாமத்தின் கொள்கைகள். சித்தாந்தம் மறுப்பது சத்தியின் தலைமையை அன்று; சத்தியைச் சிவத்தினின்றும் பிரித்துத் தனிமுதலாக நிறுத்துவதையே அது மறுக்கின்றது. கதிரவனும் கதிரொளியும்போலச் சிவமும் சத்தியும் தம்முட் பிரிவின்றி நிற்பன; இறைவனது அருளே சத்தி என்பது சிவஞான சித்தியாரின் துணிபு.

மந்தணம் என்பது மட்டுமே சித்தாந்தத்தின் மறுப்பிற்குக் காரணம் அன்று. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் வயிரவி மந்திரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் முதலிய தலைப்புகளில் சத்தி வழிபாட்டின் நுண்முறைகளை விரித்துரைக்கின்றது. அந்நூலின் முதல் தந்திரத்திலுள்ள கள்ளுண்ணாமைப் பகுதியோ, சத்தியை வேண்டிக் கள்ளுண்பாரைக் கடிகின்றது. ஆகவே, ஒரே நூல் சக்கர வழிபாட்டை ஏற்று, மதுவை விலக்கக் காண்கின்றோம். சைவத்திலும் தீக்கை பெற்றார்க்கே உரிய மந்திரங்கள் உள. எனவே, மறைவு உண்டா என வினவுதல் போதாது. எது மறைக்கப்படுகின்றது, யாருக்கு மறைக்கப்படுகின்றது, எதன்பொருட்டு மறைக்கப்படுகின்றது என வினவுதல் வேண்டும்.

இவ்வினாக்களோடு தேவதானப்பட்டிக்கு வருவோம். ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த மூங்கிற்பெட்டி ஒன்று மூங்கிற் புதரால் தடுக்கப்பட்டு நின்றது என்றும், அதுவே அம்மன் எழுந்தருளிய வரலாறு என்றும் இங்குக் கூறுவர். கருவறைக் கதவு அடைத்தே இருக்கும். பூசை அக்கதவிற்கே நிகழும். தேங்காயை உடையாமலும், வாழைப்பழத்தை உரியாமலும் படைப்பது இங்குள்ள வழக்கம். இக்கோயிலின் பெருவிழா மாசி மாதத்து மகாசிவராத்திரியை ஒட்டி நடைபெறுகின்றது.

இங்கு மறைவு இருப்பது உண்மை. ஆயினும் அது வாமத்தின் மறைவோடு ஒவ்வாது. வாமத்தின் மந்தணம் தகுதி பற்றியது. தீக்கை பெற்ற சிலர் அகத்தே இருப்பர், ஏனையோர் புறத்தே நிற்பர். தேவதானப்பட்டியிலோ அடைத்த கதவின்முன் வழிபட வந்தார் அனைவரும் ஒரே நிலையினர். உள்ளிருப்பதைக் கண்டு வழிபடும் தனிக்குழு என ஒன்று இல்லை. அம்மனுக்கு உரிய பெருவிழா சிவனுக்கு உரிய இரவோடு இணைந்திருத்தலும் சத்தியைத் தனிமுதலாக்கும் கொள்கைக்கு அரண் செய்வதன்று. இவ்வழிபாட்டிற்கு ஒப்புமை தேடின், திரைக்குப் பின்னே உருவின்றி வெளியையே காட்டும் சிதம்பர இரகசியமே அணித்தாகும்.

சித்தாந்தம் மறைவிற்கு உயர்ந்த பொருள் ஒன்றும் வகுத்துள்ளது. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. அதனைச் செய்யும் ஆற்றல் திரோதான சத்தி எனப்படும். மலத்தோடு நின்று அதனைச் செயற்படுத்துதலின் அது மலங்களுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டது. உயிர் பக்குவம் எய்தியவழி அம்மறைப்பாற்றலே அருட்சத்தியாக விளங்கும். எனவே மறைத்தலும் அருளின் தொழிலே. மூடிய கதவைத் தாயின் சினமாகக் கொள்ளாது அருளாகக் கொண்டு வணங்குவார் மனநிலையை விளக்க இக்கோட்பாடு பெரிதும் உதவும்.

இதனால், அவ்வூர் மக்கள் சித்தாந்த நூல்களைக் கற்று இவ்வழக்கத்தை அமைத்தனர் என்று நாம் கூறவில்லை. ஊர் வழிபாட்டிற்குத் தனக்கென ஒரு வரலாறு உண்டு. எனினும் இப்பகுதி மக்கள் அம்மையையும் அப்பனையும் பிரித்து எண்ணவில்லை என்பதற்குப் பிறிதொரு சான்றும் உளது. கம்பம் பள்ளத்தாக்கின் நீரோட்டத்தைச் சார்ந்த வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையில், கௌமாரியம்மனும் கண்ணீசுவரமுடையாரும் கோயில் கொண்டுள்ளனர். பார்வை இழந்த பாண்டியன் ஒரு கண்ணை அம்மையின் அருளாலும் மற்றொரு கண்ணை ஈசன் அருளாலும் பெற்றான் என்பது அவ்வூர்த் தலவரலாறு. நூலோர் அளவைகளால் நிறுவிய பிரிப்பின்மையை ஊரார் இரு கண்களின் கதையாகச் சொல்லி வைத்தனர்.

ஆகலின், வாமம் என்பது திட்டமான கொள்கையும் ஒழுகலாறும் உடைய ஒரு நெறியின் பெயர். அடைத்த கதவு ஒன்றே கொண்டு அப்பெயரை ஒரு கோயிலுக்குச் சூட்டுதல் அந்நெறிக்கும் நீதி அன்று. தலைமுறை தலைமுறையாக அக்கதவின்முன் கைகூப்பி நிற்கும் மக்களுக்கும் நீதி அன்று. கள ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் முதற்பொருள், ஒழுகலாறு, தகுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய பின்னரே பெயரிடுதல் முறையாகும்.