குடல் அழற்சியும் நம் சாப்பாட்டுத் தட்டும்

தலைவலியை நாம் எவரிடமும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம், வயிற்றுப்போக்கைச் சொல்வதில்லை. நாளொன்றுக்கு ஏழெட்டு முறை கழிப்பறைக்குச் செல்ல நேர்கிறவரும், மலத்தில் இரத்தம் காண்கிறவரும்கூட அதை மூலம் என்றோ உடற்சூடு என்றோ எண்ணி மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்த்துக்கொள்கின்றனர். இவ்வாறு மறைத்து வைக்கப்படும் தொல்லைகளுள் ஒன்று குடல் அழற்சி நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குவதால் விளைவது இது. பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் பற்றி, குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடியது க்ரோன் நோய். நியூயார்க் மருத்துவர் பர்ரில் க்ரோன் தம் தோழர் இருவருடன் 1932இல் இதனை விவரித்தமையால் இப்பெயர் நிலைத்தது.

இது மேலைநாட்டார் நோய் என்னும் எண்ணம் நெடுநாள் நம்மிடையே இருந்தது. பஞ்சாபில் நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதைக் காட்டியது. நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் க்ரோன் நோயும், எண்டோஸ்கோபியில் பார்த்தாலும் திசுவை எடுத்துச் சோதித்தாலும், பல வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்துவிட்டால் காசநோய் பரவிவிடும். எனவே நோய் இன்னதென்று உறுதியாகும்வரை பொறுமையுடன் சோதனைகளுக்கு உட்படுவதே முறை.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: எதைச் சாப்பிடலாம்? அனைவருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. நோய் சீறும் நாளின் உணவு வேறு. தணிந்திருக்கும் நாளின் உணவு வேறு. சீறும் நாள்களில் குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, தோலும் விதையும் நீக்கி வேகவைத்த பூசணி, கேரட், கனிந்த வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். முழுப்பயறு, பச்சைக் காய்கறி, கடுங்காரம், எண்ணெயில் பொரித்தவை ஆகியவற்றை அப்போது ஒதுக்கிவைக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. நோய் தணிந்தபின்னும் சோறும் மோருமாகவே காலந்தள்ளுவோர் பலர். அச்சம் அவர்களை விடுவதில்லை. இதனால் உடல் மெலிந்து இரத்தசோகையே மிஞ்சுகிறது. குடலில் சுருக்கம் ஏதும் இல்லையெனில், காய்கறிகளையும் பருப்பையும் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டும். உண்டதையும் அன்றைய வயிற்று நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால் ஒவ்வாதது எதுவென்பது சில வாரங்களில் புலப்படும். சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டோருக்கு பி12 உயிர்ச்சத்து குறையும். அதனை ஊசியாகப் போட்டுக்கொள்ள நேரலாம்.

உணவு மருந்தாகவே செயல்படும் இடமும் ஒன்று உண்டு. க்ரோன் நோயுற்ற சிறாருக்கு, மற்ற உணவையெல்லாம் நிறுத்தி, சத்துகள் யாவும் அடங்கிய திரவ உணவை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்து நோயைத் தணிக்கின்றனர். இதுவும் மருத்துவரின் கண்காணிப்பில்தான். இதனைக் காட்டி, ‘மருந்தே வேண்டாம், பத்தியம் போதும்’ என்போர் பேச்சை நாம் நம்புவதற்கில்லை. தணிந்துவிட்டதென்று மருந்தை நிறுத்தியவருக்கு நோய் மீண்டும் சீறுவது பெரிதும் காணப்படுவதே. க்ரோன் நோயாளிகள் புகைபிடித்தலை விட்டொழிப்பது எந்தப் பத்தியத்துக்கும் குறைந்ததன்று.

நெடுநாள் மருத்துவம் என்பதால் செலவையும் எண்ண வேண்டியுள்ளது. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இந்நோயை மறைத்தால், தேவைப்படும் வேளையில் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மிகக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வரையறுத்துவிட்டது. முன்பு அது 48 மாதங்களாக இருந்தது. நோயை உள்ளபடி எழுதி, அந்தக் காத்திருப்பை இன்றே தொடங்கிவிடலாம்.